வடக்குச் சுவர்

வடவள்ளியில், மருதமலை ரோட்டை விட்டு உள்ளே ஒதுங்கிய ஒரு தெரு. பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. முன்னறையில் மின்விசிறிக்கு நேர்கீழே மேசை. அதில் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு கடிகாரத்தை மல்லாத்திப் போட்டிருக்கிறார் பெரியவர். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், கொஞ்சம் பஞ்சு, பாதி எலுமிச்சம்பழம். மாடியில் குடியிருக்கும் எனக்குச் சன்னலோர நாற்காலியும் ஒரு டம்ளர் மோரும் கிடைத்தன. யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

கடிகாரம், அமெரிக்காவில் இருக்கும் மூத்த மகள் கொண்டுவந்து கொடுத்தது. முள் கிடையாது, எண்கள்தாம். மேலே பெரிதாக மணி. கீழே இடப்பக்கம் வீட்டுக்குள் எத்தனை டிகிரி, வலப்பக்கம் வெளியே எத்தனை டிகிரி. வெளியே மாட்டுவதற்கென்று உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை டப்பா ஒன்று தனியாக உண்டு. அதுதான் சென்சார். இரண்டுக்கும் இடையே ஒயர் இல்லை. டப்பா வெளிவெப்பத்தை அளந்து ரேடியோ அலையில் அனுப்பும், கடிகாரம் அதைப் பிடித்துக் காட்டும்.

இப்போது இடப்பக்கம், பாரன்ஹீட் கணக்கில், 86 என்று நிற்கிறது. வலப்பக்கம் இரண்டு கோடுகள் மட்டும். மணி வேறு ஒரு மணி நேரம் முன்னால் போய்விட்டது.

“ஏனுங்க, காந்திபுரத்துல ஏதாச்சும் கடைல குடுத்தாப் பாத்துத் தர மாட்டாங்களா?” உள்ளிருந்து வீட்டுக்கார அம்மாவின் குரல்.

“புதுசு வேணா குடுப்பாங்க. இதுக்கு என்னாச்சுன்னு சொல்ல மாட்டாங்க.”

எதிரே முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறாள் இளைய மகளின் மகள். எட்டாம் வகுப்பு. அவளுக்கு இது அப்புச்சியோடு கழியும் லீவு நாள். கை துறுதுறுக்கிறது. கடிகாரத்தின் முதுகில் இருக்கிற பொத்தான்களையெல்லாம் அமுக்கிப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. அவர் அவள் கையை மெல்ல ஒதுக்குகிறார்.

“ஒண்ணொண்ணா மாத்தோணும் கண்ணு. ஒட்டுக்கா மாத்துனா எதுனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிரும்.”

இந்தப் பழக்கம் மில்லில் வந்தது. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஈரப்பதப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1888இல் ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கி, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பெருகிய கோவை மில்களில், வெளியே தெரியாத வேலை இது. காற்று வறண்டால் நூல் அறும், பஞ்சு பறக்கும், இழைகள் மின்னேறி ஒட்டாமல் விலகும். ரிங் பிரேம் ஓடும் கூடத்தில் ஈரப்பதம் ஐம்பத்தைந்து அறுபது சதவீதத்தில் நிற்க வேண்டும். அதற்காகத் தூண்தோறும் இரட்டை வெப்பமானி தொங்கும். ஒன்று வெறும் குமிழ், இன்னொன்று ஈரத்திரி சுற்றிய குமிழ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, அட்டவணையில் தேடி, நோட்டில் எழுத வேண்டும். திரி காய்ந்திருந்தால் அளவு பொய். திரியில் அழுக்கேறியிருந்தாலும் பொய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூன்று ஷிப்டிலும், வாழ்க்கை முழுதும் எண்களை நம்புவதற்கு முன் கருவியைச் சோதித்த மனிதர் அவர். அவர் இந்த வெள்ளை டப்பாவைத் திறக்கும் விதமே வேறாக இருக்கிறது.

மூடியைக் கழற்றியதும் காரணங்களில் ஒன்று கண்ணில் படுகிறது. பேட்டரி முனையிலும் சுருள்கம்பியிலும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அல்கலைன் பேட்டரி கசிந்தால் உள்ளிருக்கும் காரம் வெளியே வந்து, காற்றோடு சேர்ந்து இப்படி உப்பாக உறையும். பஞ்சில் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு அவர் வைக்கிறார். சின்னதாக நுரைக்கிறது. துடைக்கிறார், மறுபடி வைக்கிறார். நுரை அடங்கியபின் தண்ணீர் தொட்ட பஞ்சு, கடைசியில் ஸ்பிரிட். கம்பியின் முனையை உப்புத்தாளால் இரண்டே இழுப்பு.

“எல்லா பேட்டரிக்கும் எலுமிச்சைதானுங்களா அப்புச்சி?”

“வெல கொறஞ்ச கார்பன் பேட்டரி கசிஞ்சா அது புளிப்பு. அதுக்கு ஆப்ப சோடாவக் கரைச்சு வெக்கோணும். எது கசிஞ்சுதுன்னு பாத்துட்டுத்தான் மருந்து.”

புதுப் பேட்டரி இரண்டையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கிறார். முழு நம்பிக்கையோடு கடையிலிருந்து வாங்கி வந்தாலும் அளக்காமல் போடமாட்டார் போலும். ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேல். சார்ஜ் ஏற்றும் பேட்டரியைப் போடலாமே என்கிறாள் பேத்தி. அது ஒன்று 1.2 வோல்ட்தான் தரும், இரண்டு சேர்ந்து 2.4, மூன்று வோல்ட்டை நம்பிக் கட்டிய டப்பாவுக்கு அது தொடக்கத்திலேயே கால்பசி. வேண்டாம் என்று தலையசைக்கிறார். உள்ளே போட்டதும் டப்பாவின் சிவப்பு விளக்கு ஒருமுறை மின்னி அணைகிறது. உயிர் வந்துவிட்டது.

கடிகாரத்தில் அதே இரண்டு கோடுகள்.

பேத்தியின் முகம் சுருங்குகிறது. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். டப்பா ஒரு நிமிஷத்துக்கு ஒருதரம் போலத்தான் செய்தி அனுப்பும். விளக்கு மறுபடி மின்னுகிறது. கோடுகள். இன்னொரு முறை மின்னுகிறது. கோடுகள்.

பெரும்பாலானவர்கள் கடிகாரம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். எதுவும் கெட்டிருக்காது. இந்த வகைச் சென்சார்கள் பல, பேட்டரி மாற்றும்போதெல்லாம் தமக்கென ஓர் அடையாள எண்ணைப் புதிதாக எடுத்துக்கொள்கின்றன. பக்கத்து வீட்டுச் சென்சாரின் செய்தி இந்த வீட்டுக் கடிகாரத்தில் ஏறிவிடக் கூடாதே, அதற்கான ஏற்பாடு. கடிகாரமோ பழைய எண்ணுக்காகவே காத்திருக்கிறது. பெயர் மாற்றிக்கொண்டு வந்தவரைப் பழைய பெயரில் எதிர்பார்த்து வாசலிலேயே நிற்க வைப்பது போல. கடிகாரத்தையும் ஒருமுறை மறக்கச் செய்து, புதிதாகத் தேட வைக்க வேண்டும்.

குறிப்புத்தாளைக் கண்ணாடி போட்டு அவர் முழுதும் படித்திருக்கிறார் என்பது இப்போது தெரிகிறது. கடிகாரத்தின் பேட்டரியையும் கழற்றி வைக்கிறார். சென்சாரின் பேட்டரியை எடுத்து மறுபடி போடுகிறார். அதன் பின்னால் 1, 2, 3 என்று தள்ளும் சின்ன விசை; அது 2இல் நிற்கிறதா என்று ஊக்கு முனையால் தொட்டுப் பார்க்கிறார். இரண்டையும் மேசைமேல் ஒரு முழ இடைவெளியில் வைத்து, அதன் பிறகே கடிகாரத்துக்குப் பேட்டரி போட்டு, அதிலும் இரண்டாம் எண்ணைத் தேர்கிறார். முதலில் வெளி டப்பா, அப்புறம் கடிகாரம். இந்த வரிசை மாறினால் கடிகாரம் தேடி முடித்து ஓய்ந்தபின் டப்பா விழிக்கும்.

வலப்பக்கத்தில் அலை வடிவச் சின்னம் துடிக்கிறது. கோடுகள் போய் 88 வருகிறது.

“வந்துருச்சுங்!” பேத்தி கத்திய சத்தத்தில் அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்க்கிறார். பெரியவர் சிரிக்கவில்லை. “பக்கத்துல வெச்சா வரும். மாட்டுற எடத்துல வருதான்னு பாக்கோணும்.”

மதியச் சாப்பாடு வரைக்கும் அந்த வீட்டில் ஓர் ஊர்வலம் நடந்தது. பேத்தி டப்பாவைப் பிடித்துக்கொண்டு ஓர் இடத்தில் நிற்பாள். பெரியவர் கடிகாரத்தருகே நின்று மூன்று நிமிஷம் பார்ப்பார். “சரி, அக்கட்டால போ” என்பார். வாசல் திண்ணையில் வந்தது. மேற்குச் சுவரில் வந்தது. பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கு மேலே, வரவில்லை. அட்டைப்பெட்டியில் நூறு அடி என்று போட்டிருந்தாலும் அது வெட்டவெளிக் கணக்கு. இந்தச் சென்சார்கள் பேசும் 433.92 மெகாஹெர்ட்ஸ் அலை ஓடு, செங்கல் இரண்டையும் தாண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கட்டும் இரும்பு பீரோவும் அதைத் தின்றுவிடும். பின்கட்டுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே நிற்பவை என்னென்ன என்று அவர் விரல்விட்டுப் பார்த்தார். ஒரு தூண், பீரோ, அப்புறம் சமையலறைச் சன்னல்.

அந்தச் சன்னலில் அலுமினியக் கொசுவலை. அவர் அதன் கதவை முழுக்கத் திறந்துவிட்டு வந்ததும் எண் வந்தது. சாத்தினார், சற்று நேரத்தில் போனது. மீண்டும் திறந்தார், வந்தது. இந்த அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டேகால் அடி. கொசு நுழையாத கண்ணி கொண்ட உலோக வலை அதற்குச் சுவர்தான். நைலான் வலையாக இருந்தால் தடையே இல்லை. பேத்திக்கு அது வியப்பாக இருந்தது. காற்று போகிறது, வெளிச்சம் போகிறது, இது மட்டும் போகவில்லையே என்று வலையை விரலால் தடவிக்கொண்டே நின்றாள்.

இதற்கிடையில் மணிப் பிரச்சினை, அது சீக்கிரமே தீர்ந்தது. அமெரிக்காவில் மார்ச் மாதத்து இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். நாட்காட்டியை உள்ளுக்குள் வைத்திருக்கிற கடிகாரங்களில் சில, யாரும் சொல்லாமலே அதைச் செய்துவிடும். இதுவும் செய்திருந்தது. முதுகில் இருந்த விசையைத் தள்ளி அந்த ஏற்பாட்டை நிறுத்தினார். மணியின் ஓரத்தில் கோபுரம் போன்ற ஒரு சின்னம் மின்னிக்கொண்டிருந்தது, அதையும் அணைத்தார். கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் என்ற ஊரில் ஒரு வானொலி நிலையம், 1963 முதல், 60 கிலோஹெர்ட்ஸ் அலையில் நேரத்தை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறது. நொடிக்கு ஒரு துளி, ஒரு நிமிஷத்துக்கு ஒரு முழுச் செய்தி. வட அமெரிக்கா முழுதும் வீட்டுச் சுவர்களில் இருக்கும் கடிகாரங்கள் இரவில் அதைக் கேட்டுத் தம்மைத் திருத்திக்கொள்ளும். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அவரவர்க்கு நிலையம் உண்டு. நம் நாட்டில் வீட்டுக் கடிகாரங்களுக்காக அப்படியோர் ஒலிபரப்பு இல்லை. இந்தக் கடிகாரம் வந்த நாளிலிருந்து ஒவ்வோர் இரவும் வடவள்ளியில் விழித்திருந்து, எட்டவே எட்டாத குரலுக்காகக் காது கொடுத்து, பேட்டரியைச் செலவழித்திருக்கிறது. கேட்டிருந்தாலும் பயனில்லை. அதன் முதுகில் இருந்தவை நான்கு அமெரிக்க நேர மண்டலங்கள்தாம். ஐந்தரை மணி நேரம் என்ற நம் கணக்கில் உள்ள அரைமணிக்கு அங்கே இடமே இல்லை. கையால் வைக்க வேண்டியதுதான். உள்ளிருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்ந்து மாதத்துக்குச் சில நொடிகள் பிசகும். பிசகட்டும், மாதம் ஒருமுறை திருத்திக்கொள்ளலாம் என்றார். மில் சங்கை வைத்து அடுப்புப் பற்றவைத்த வீடுகள் நிறைந்த ஊர் இது.

மூன்றரை மணி. காலையில் ஒப்புக்கொண்ட மேற்குச் சுவரில் டப்பா தொங்குகிறது. கடிகாரத்தின் வலப்பக்கம் 112 காட்டுகிறது.

பெரியவர் நெற்றியைச் சுருக்குகிறார். பாரன்ஹீட்டில் முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்து, மனசுக்குள்ளேயே போட்டுவிட்டார். “நாப்பத்தி நாலா? கோயமுத்தூருக்கா?”

பங்குனியில் இந்த ஊர் முப்பத்தைந்து, முப்பத்தாறு போகும். நாற்பதைத் தொடுவதே அபூர்வம். இப்போது சிக்னல் சரி, பேட்டரி சரி, எண்ணும் நிலையாக நிற்கிறது. ஆனாலும் அது பொய். கோடுகள் நின்றபோதாவது தெரியவில்லை என்று கருவி ஒப்புக்கொண்டது; இந்த 112 அதைவிட மோசம் என்றே எனக்குத் தோன்றியது. பெரியவர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துவந்தார். உள்ளே கண்ணாடி வெப்பமானி. அதை வேப்பமர நிழலில் ஆணியில் மாட்டிக் கால்மணி நேரம் விட்டார். முப்பத்தாறு.

சுவர் மதியத்திலிருந்து வெயிலைக் குடித்திருக்கிறது. டப்பா காற்றை அளக்கவில்லை, சுவரையும் தன்மேல் விழுந்த வெயிலையும் அளந்துகொண்டிருக்கிறது. வானிலைக் கூடங்களில் வெப்பமானியை வெள்ளை அடித்த மரப்பெட்டியில் வைப்பது இதற்காகத்தான். பக்கங்கள் இரட்டைப் பலகைச் சாய்வுகள். காற்று நுழையும், வெயில் நுழையாது. தரையிலிருந்து நாலடி உயரம். ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய தாமஸ் ஸ்டீவன்சன் 1864இல் வெளியிட்ட அமைப்பு அது. நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தந்தை. இந்த வீட்டிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில், ஊர் வழக்கில் இன்றும் அக்ரி காலேஜ் என்றே சொல்லப்படும் வேளாண் பல்கலைக்கழகத்திலும் அப்படியொரு பெட்டி நிற்கிறது.

“காலேஜ்ல வெடியால ஏழு இருவத்திரண்டுக்குப் பாப்பாங்க கண்ணு. மத்தியானம் ரெண்டு இருவத்திரண்டுக்கு.”

“அதென்னங் அப்புச்சி, இருவத்திரண்டு?”

அவர் சட்டென்று சொல்லிவிடவில்லை. காகிதத்தில் 82½ என்று எழுதினார். நாடு முழுதுக்கும் பொதுவான நேரம், மிர்சாபூர்ப் பக்கமாகப் போகும் அந்தத் தீர்க்கரேகையின் நேரம். கோவை இருப்பது 77இல். கழித்தால் ஐந்தரை. ஒரு டிகிரியைக் கடக்கப் பொழுதுக்கு நாலு நிமிஷம். பேத்தி பெருக்கினாள். “இருவத்திரண்டு!” கையில் கட்டிய கடிகாரம் 7.22 என்னும்போது கோவைச் சூரியன் கணக்கில் மணி ஏழு, 2.22 என்னும்போது இரண்டு. பயிருக்குத் தெரிவது பொழுதின் மணிதானே. அந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகளைப் புரட்டினால் காலை ஈரப்பதம், மாலை ஈரப்பதம் என்ற இடத்திலெல்லாம் இந்த இரண்டு நேரங்களும் அச்சாகியிருக்கும். மேசைமேல் கிடக்கிற கடிகாரத்தில் நேரமும் வெப்பமும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கின்றன. இந்த இரண்டும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்திருக்கின்றன என்பது அந்த இருபத்திரண்டு நிமிஷத்தில் இருக்கிறது.

டப்பாவை எங்கே மாட்டுவது? வடக்குச் சுவரில் மாட்டச் சொல்கிறது குறிப்புத்தாள். பேத்தி அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி ஆணியும் எடுத்துவிட்டாள். சிகாகோவில் அது சரி. அங்கே உச்சிச் சூரியன் வருஷம் முழுதும் தெற்கே சாய்ந்துதான் இருக்கும், நடுப்பகலில் வடக்குச் சுவர் நிழலிலேயே கிடக்கும். கோவை பதினோராம் பாகையில் இருக்கிறது.

“சித்திர பொறந்து ஒரு வாரத்துல பொழுது வடக்க சாஞ்சிரும். ஆவணி வரைக்கும் வடக்கதான். அப்ப வடக்குச் சொவத்துல வெயில் வுழுகும்.”

ஏப்ரல் இருபதை ஒட்டி இந்த ஊரின் தலைக்கு நேரே வரும் சூரியன், ஆகஸ்டு கடைசி வாரம்வரை நடுப்பகலில் வடபுறம்தான் நிற்கிறது. உச்சி வெயிலை ஓட்டு இறவாரம் தடுத்துவிடும். காலையிலும் மாலையிலும் தாழ்வாக, வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வந்து சுவரைத் தடவிப் போகும் வெயிலை அது தடுக்காது. நாள் முழுதும் வடக்கே நிற்கும் இந்தப் பொழுது, குறிப்புத்தாளை எழுதியவர் அறிந்திராதது. தோட்டத்தில் எந்த மரத்தின் நிழல் எந்த மாதம் எங்கே விழும் என்று பார்த்து வளர்ந்தவருக்கு மட்டும் தெரிந்தது. அவர் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. எனக்குத்தான் மனம் நிறைந்தது.

பூந்தொட்டிக்குக் கீழே வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகள் நாலைந்து கொண்டுவரச் சொன்னார். கவிழ்த்து அடுக்கினார். தட்டுக்கும் தட்டுக்கும் இடையே விரற்கடை இடைவெளி விட நட்டும் வாஷரும். மேல் தட்டு முழுசு. கீழ்த் தட்டுகளின் நடுவே டப்பா நுழையும் அளவுக்கு வெட்டினார், சூடு காட்டிய கத்தியால். டப்பா உள்ளே தொங்கும். எந்தப் பக்கம் வெயில் வந்தாலும் தட்டின் விளிம்பில் நிற்கும், காற்று மட்டும் குறுக்கே ஓடும். பக்கங்களைத் துணியாலோ அட்டையாலோ அடைத்துவிட வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். அடைத்தால் உள்ளே காற்று தேங்கி வேறொரு பொய் பிறக்கும். அந்த வடக்குச் சுவரிலேயே, ஆனால் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, இறவாரத்தின் கீழ், நாலடி உயரத்தில், மரக்கட்டை ஒன்றை நீட்டி அதில் பொருத்தினார்.

நாலரை மணிக்கு மேற்கேயிருந்து காற்று வந்தது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றின் வேகம் இதற்கு இல்லை. என்றாலும் வாசலில் நின்றிருந்த அம்மா சேலைத் தலைப்பை இறுக்கிக்கொள்ளும் அளவுக்கு இருந்தது. கடிகாரத்தில் 97, அப்புறம் 96. பெரியவர் அதன் முதுகில் இருந்த சின்ன விசையைத் தள்ள, 35.6 ஆனது. பக்கத்தில் தொங்கவிட்டிருந்த கண்ணாடி வெப்பமானி முப்பத்தைந்துக்குச் சற்று மேல். இப்படிப்பட்ட சென்சார் ஒரு டிகிரி இப்படியோ அப்படியோ காட்டுவது இயல்பு. அந்த ஒரு டிகிரியை அவர் ஒப்புக்கொண்டார்.

பிறகு பேத்தியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார். பேட்டரி மாற்றிய தேதி. முதலில் வெளி டப்பா, அப்புறம் கடிகாரம். எண் 2. கோபுரச் சின்னம் எரியக் கூடாது. மார்ச்சிலும் நவம்பரிலும் மணியைச் சரிபார்க்கவும். சமையலறை வலையை மாற்றினால் நைலான். தாளை மடித்துக் கடிகாரத்தின் முதுகில் ஒட்டினார். தனக்குப் பிறகு வரும் ஷிப்ட்காரருக்கு எழுதிவைக்கிற கையெழுத்து அது. நிறுத்தி, இடைவெளிவிட்டு, அடித்தல் இல்லாமல்.

“நான் ஏழு இருவத்திரண்டுக்கு எழுதட்டுங்களா?”

“எழுது. ரெண்டு இருவத்திரண்டுக்குப் பள்ளிக்கூடத்துல இருப்பே. அத நான் எழுதறேன். சித்திரைல வெயில் தட்டுமேல என்னிக்கு வருதுன்னு அதையுங் குறிச்சு வெய்யி.”

அம்மா வடக்குப் பக்கம் போய்த் தலையைச் சாய்த்துத் தட்டுக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். “ஏனுங்க, அது மல்லிச் செடிக்குன்னு வாங்கி வெச்ச தட்டுங்க.”

“நாளைக்கு வாங்கியாறேன். ரெண்டு சேத்தியே வாங்கியாறேன், தோட்டத்துச் சாளைக்கும் ஒண்ணு கட்டோணும்.”